கேரவன் டயர்: பட்டன் அப்படியே இருக்கிறது, மாற்றத்தான் வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு பழைய கேரவன் வாங்கினோம், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் வீட்டு வண்டி. 1997 மாடல், ஒற்றை அச்சு, நான்கு பேர் படுக்கலாம். டிசம்பர் லீவில் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டர்பனிலிருந்து கேப் டவுன் வரை போகலாம் என்று நினைப்பு. என்3 நெடுஞ்சாலையில் ஏறி ஹாரிஸ்மித், பெத்லகேம், அப்புறம் ப்ளூம்ஃபோன்டைன் பக்கம் என்1 பிடித்து கரூ என்ற வறண்ட பகுதி வழியாக. ஒரு வழிக்கே 1600 கி.மீ. வரும். வண்டியை விற்றவர் டயர் இரண்டும் அதிகம் ஓடவில்லை என்றார், அது உண்மைதான் போல, பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் மேடு, 7 மி.மீ. இருக்கிறது, நானே அளந்தேன். சட்டத்துக்கு 1 மி.மீ. இருந்தால் போதும். மச்சான் "டயரில் காசைக் கொட்டாதே, அந்தக் காசில் ஃப்ரிட்ஜைச் சரி பண்ணு" என்கிறார். ஆனால் இணையத்தில் படித்தால் அமெரிக்காக்காரர்கள் எல்லோரும் எஸ்டி டயர்தான் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே இரண்டு கடையில் எஸ்டி டயர் என்று கேட்டேன், என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் தாத்தா:
தம்பி, மச்சான் சொல்வதைக் கேள். என் கேரவனில் பன்னிரண்டு வருடமாக ஒரே ஜோடி டயர். வருடம் தவறாமல் ஸ்காட்பர்க் போய் வருகிறோம், ஒரு பஞ்சர்கூட ஆனதில்லை. டயர் கம்பெனிக்காரன் மாற்று மாற்று என்றுதான் சொல்வான், அவன் பிழைப்பு அது.

டயர்க்கடை ராஜு:
முப்பது வருடம் டயர் கழற்றி மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்போது கடை என் மகனிடம் இருக்கிறது, யாருக்கும் விற்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. காரில் டயர் தேய்ந்து போகும். கேரவனில் டயர் தேய்வதற்கு முன்னாலேயே கிழடாகிவிடும். வருடத்தில் பதினோரு மாதம் ஒரே இடத்தில், அதே எடையைச் சுமந்துகொண்டு, டர்பன் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிற்கிறது. ரப்பருக்குள் வெடிப்பு வராமல் காக்க ஒரு மெழுகும் மருந்தும் கலந்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நெளிந்தால்தான் அது மேலே வந்து பரவும். நின்றுகொண்டே இருந்தால் மேலே வராது, ஓசோனும் வெயிலும் ரப்பரைத் தின்றுவிடும். அதனால் 7 மி.மீ. பட்டன் என்பது எனக்கு நல்ல சேதியாகப் படவில்லை. அவ்வளவு பட்டன் மிச்சம் இருந்தால் எத்தனை வருடம் சும்மா நின்றது என்றுதான் கேட்பேன்.

முதலில் தயாரித்த தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நான்கு எண்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பார்த்துவிட்டு டயர் அளவையும் சேர்த்து அப்படியே எழுதுங்கள், அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் விடாமல்.

சாட்ஸ்வொர்த் தம்பி:
நன்றி ராஜு அண்ணா. அளவு 185/70 ஆர் 14 88டி என்று இருக்கிறது. தேதியைத்தான் காணவில்லை. டி.ஓ.டி. என்று இருக்கிறது, ஆனால் கடைசியில் நான்கு எண் இல்லை, பாதியிலேயே நின்றுவிடுகிறது. பழைய டயரில் அழித்துவிட்டு விற்பார்களா?

டயர்க்கடை ராஜு:
அழிக்கவில்லை. முழு வரி பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும், உங்களுடையதில் அந்தப் பக்கம் உள்ளே போயிருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

மரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி தேதி பார்க்கிற நேரத்தில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் நாங்களும் இதே வழியில்தான் போனோம். கோல்ஸ்பர்க் தாண்டி, மதியம் இரண்டு மணி, வெளியே 37 டிகிரி. இவர் 110-இல் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, சத்தம்கூட ஏசியிலும் பாட்டிலும் கேட்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்ததால்தான் ஓரம் கட்டினோம். இறங்கிப் பார்த்தால் இடது டயர் வளையத்தில் கம்பியும் நாருமாகத் தொங்குகிறது. வெடித்ததைவிட, பிய்ந்த பட்டை சுற்றிச் சுற்றி அடித்ததுதான் அதிக சேதம். வீல் மேல் இருக்கும் தகரம் கிழிந்து, தரை ஓட்டையாகி, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த அரிசிப் பையும் மசாலா டப்பாவும் ரோட்டில். விளக்கு ஒயர் அறுந்து, கேஸ் குழாய் நசுங்கி இருந்தது, அதை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு நடுங்கும்.

பட்டன் அந்த டயரில் 6 மி.மீ. இருந்தது. வயது ஒன்பது. இன்சூரன்ஸ்காரர் வந்து முதல் வேலையாகத் தேதியைத்தான் படம் எடுத்தார். பணம் வந்தது, ஆனால் மூன்று மாதம் கேள்விக்கு மேல் கேள்வி.

பீனிக்ஸ் தாத்தா:
அம்மா, 37 டிகிரியில் 110-இல் போனால் எந்த டயரும் கத்தும். நான் 80 தாண்டுவதில்லை. பீனிக்ஸிலிருந்து ஸ்காட்பர்க் ஒரு மணி நேரத் தூரம். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவேன்.

மரிட்ஸ்பர்க் அக்கா:
அதைத்தான் தாத்தா நானும் சொல்ல வந்தேன். உங்கள் டயர் தாங்குவதற்கு நீங்கள் ஓட்டுகிற விதம் காரணம். தம்பி கரூவைக் கடக்கப் போகிறான்.

ஜோசி சென்னைக்காரன்:
அமெரிக்க எஸ்டி விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டி என்பது அங்கே டிரெய்லருக்கென்றே தனியாக வரும் வகை, பக்கவாட்டு விறைப்பாக இருக்கும், எடை அதிகம் தாங்கும். ஆனால் வேறு எழுத்து போடாவிட்டால் பழைய எஸ்டி டயர்களின் வேக வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது நம் கணக்கில் 105 கி.மீ. அங்கே நடக்கும் பாதி சண்டை அதைப் பற்றித்தான். சீனாவில் செய்த மலிவு எஸ்டி வெடிக்கிறது, சிறு லாரி டயரான எல்டி போடலாமா என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தத் தலைவலியே இல்லை. இங்கே கேரவனுக்குப் போடுவது சி டயர். வேனிலும் பாக்கி என்கிற பிக்கப் வண்டியிலும் ஓடுகிற அதே வகை. அளவின் கடைசியில் சி என்று இருக்கும், உதாரணத்துக்கு 185 ஆர் 14 சி. கடையில் எஸ்டி என்று கேட்காமல் இந்த அளவைச் சொல்லுங்கள், உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

உங்கள் 185/70 ஆர் 14 88டி சாதாரண கார் டயர். அதில்தான் எனக்கு முதல் சந்தேகம். ஸ்டெப்னியில் என்ன அளவு போட்டிருக்கிறது?

பீனிக்ஸ் தாத்தா:
ஸ்டெப்னி என்றால் என்ன?

ஜோசி சென்னைக்காரன்:
ஸ்பேர் வீல் தாத்தா. ஊரில் அப்படித்தான் சொல்வோம், பத்து வருடமாகியும் வாயிலிருந்து போகவில்லை.

சாட்ஸ்வொர்த் தம்பி:
படுத்துப் பார்த்துவிட்டேன், சட்டை முழுக்க கிரீஸ். இரண்டு டயரிலும் 2416. எட்டு வயது தாண்டிவிட்டது, சரியா? இன்னொன்று, உள்பக்கத்தில் மெல்லிய கோடு கோடாக வெடிப்பு தெரிகிறது. வெளிப்பக்கம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. துணியால் துடைத்தேன், துணி கறுப்பாகி, அடியில் அதே வெடிப்பு. விற்றவர் ஏதோ பாலிஷ் அடித்திருக்கிறார். ஸ்பேர் இன்னும் பார்க்கவில்லை, அது முன்பக்கம் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டி இருக்கிறது, சாவியைத் தேட வேண்டும்.

டயர்க்கடை ராஜு:
எட்டு வயதும் வெடிப்பும் சேர்ந்தால் என் கணக்கில் முடிந்தது. பெரிய கம்பெனிகள் சில ஐந்து வருடத்துக்கு மேல் வருடா வருடம் ஆளிடம் காட்டச் சொல்கின்றன, பத்து வருடத்தில் எப்படி இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கின்றன. அது கார் டயரையும் சேர்த்துச் சொன்னது. பிரிட்டனில் கேரவன் சங்கத்தினர் இன்னும் கறார்: ஐந்து வருடத்தில் மாற்ற யோசி, ஏழைத் தாண்டாதே. ஜெர்மனியில் கேரவனோடு 100-இல் போக அனுமதி வேண்டுமென்றால் டயர் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நான் நம் வெயிலுக்கு ஆறு என்று வைத்துக்கொள்வேன், ஏழாவது வருடம் பெரிய பயணம் இருந்தால் பேசாமல் மாற்றிவிடுவேன்.

அந்தப் பாலிஷ், பெட்ரோலியம் கலந்ததாக இருந்தால் ரப்பருக்குக் கெடுதல். சோப்புத் தண்ணீர் போதும்.

கணக்குப்பிள்ளை:
வயதை விடுங்கள், எனக்கு எடைதான் உறுத்துகிறது. 88 என்பது சுமை எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 1120. தம்பி, உங்கள் கேரவன் பிளேட்டில் ஜி.வி.எம்., அதாவது சுமையோடு சேர்த்து அனுமதித்த முழு எடை, எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் காலத்து நான்கு பேர் கேரவன் 1200-க்குக் கீழே இருந்தால் எனக்கு ஆச்சரியம்.

சாட்ஸ்வொர்த் தம்பி:
வெறும் வண்டி 1060. ஜி.வி.எம். 1400.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் பிளேட்டில் போட்டிருக்கும் முழு எடைக்கு இந்த டயர் முதல் நாளிலிருந்தே தகுதியில்லை. புதிதாகவே வாங்கி மாட்டியிருந்தாலும் தப்பு. காரின் டயர் பெரும்பாலும் தன் சக்தியில் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் ஓடும், தனியாக ஒருவர் ஓட்டிக்கொண்டு போவார். கேரவன் டயர் எப்போதும் விளிம்பில் நிற்கிறது, பாத்திரம், தண்ணீர், படுக்கை எல்லாம் வருடம் முழுக்க உள்ளேயே. அதனால் முழு எடைக்கு மேல் பத்து முதல் இருபது சதவிகிதம் மிச்சம் இருக்கிற மாதிரி டயர் எடுப்பது நல்லது.

185 ஆர் 14 சி-யில் 102/100 என்று இருக்கும். முதல் எண் ஒற்றை வீலுக்கு, 850 கிலோ. அடுத்தது பின்னால் இரண்டிரண்டாக மாட்டும் வண்டிகளுக்கு, 800. உங்களுக்கு முதல் எண்தான். இரண்டுக்கு 1700 கிலோ, தாராளம்.

ஒரு வேலை செய்யுங்கள். பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாம் ஏற்றி, பொது எடைமேடைக்கோ பழைய இரும்பு வாங்கும் இடத்துக்கோ கொண்டுபோய் நிறுத்துங்கள். காரை மேடைக்கு வெளியே விட்டு கேரவன் சக்கரம் மட்டும் மேடையில். அப்புறம் இடது சக்கரம் தனியாக, வலது தனியாக. இந்த இரண்டாவது எடையை யாரும் எடுப்பதில்லை.

பீனிக்ஸ் தாத்தா:
காற்றைக் கொஞ்சம் கூட அடித்தால் எடை தாங்கும். நான் 3 பார் அழுத்தம் அடிக்கிறேன், கார் டயர்தான்.

டயர்க்கடை ராஜு:
இல்லை ஐயா, மன்னிக்கவும், இதை விட்டுவிட முடியாது. சாதாரண கார் டயர் 2.5 பாரில் தன் முழு சுமையை எட்டிவிடும். அதற்கு மேல் அடித்தால் டயர் விறைக்கும், 88 என்ற எண் 91 ஆகாது. குழியில் விழுந்தால் உள்ளே நார் அறுவதுதான் மிச்சம். சி டயர் கதை வேறு, அதன் உள்கட்டே வேறு, 185 ஆர் 14 சி பொதுவாக 4.5 பாரில் 850 கிலோ தாங்கும்.

ஆனால் குறைவாக அடிப்பதுதான் கூட அடிப்பதைவிட ஆளைக் கொல்லும். காற்று குறைந்தால் பக்கவாட்டு சுற்றுக்குச் சுற்று மடிந்து நிமிர்கிறது, அந்த மடிப்பில் சூடு, சூட்டில் ரப்பரும் கம்பியும் ஒட்டை விடுகின்றன. வெளியே 37 டிகிரி, தார் ரோடு அதைவிடச் சூடு. அக்கா சொன்ன டயர் வயதோடு சேர்த்துக் காற்றும் குறைவாக இருந்திருக்கும் என்று என் ஊகம்.

மரிட்ஸ்பர்க் அக்கா:
இருக்கலாம். கிளம்பும்போது பெட்ரோல் போட்ட இடத்தில் பையன்தான் அடித்தான், எவ்வளவு என்று இவர் கேட்கவே இல்லை. மற்ற கார்களுக்கு அடிப்பது போல 2.2 அடித்திருப்பான்.

ஜோசி சென்னைக்காரன்:
காற்று விஷயத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு வேடிக்கை. டர்பன் கடல் மட்டம், ஜோசி, அதாவது நான் இருக்கும் ஜோகன்னஸ்பர்க், 1750 மீட்டர் உயரம். வெளியே இருக்கும் காற்றழுத்தமே இங்கே கிட்டத்தட்ட 0.2 பார் குறைவு. நீங்கள் டர்பனில் 3.5 அடித்துவிட்டு இங்கே வந்து அதே வெப்பத்தில் அளந்தால் மீட்டர் 3.7 காட்டும், ஒரு பொட்டுக் காற்று கூடவில்லை. டிசம்பரில் இங்கிருந்து கடலுக்கு இறங்குகிற கூட்டத்துக்குத்தான் தலைகீழ். இங்கே 3.5 அடித்துவிட்டு வருவார்கள், கீழே அது 3.3. கடலோரத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பும் காலையில் திரும்ப அளந்து அடிக்க வேண்டும். வெப்பமும் சேரும், 10 டிகிரி மாறினால் இந்த அளவு டயரில் 0.15 பார் ஏறி இறங்கும். ஓடிச் சூடான டயரில் கூடக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், அது பெரிய தப்பு. காலையில், வெயில் படுவதற்கு முன், சொந்த மீட்டர்.

சாட்ஸ்வொர்த் தம்பி:
எடை போட்டு வந்தேன். அம்மா மாவு மிக்ஸியையும் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். அச்சில் மொத்தம் 1320. இடது 690, வலது 630. அடுப்பு, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் இடது பக்கம். அதாவது 560 தாங்கும் டயரில் 690 நின்றுகொண்டிருக்கிறது. எடைமேடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 60-இல் வந்தேன், பின்னால் டாக்சிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான்.

இனி மச்சானிடம் பேச்சு இல்லை. வாங்குகிறேன். என்ன பிராண்ட்?

டயர்க்கடை ராஜு:
பிராண்ட் சண்டைக்கு நான் வரவில்லை. அளவு, சுமை எண், தேதி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெயர் அப்புறம்தான். என்3-இல் போகும் வழியில் லேடிஸ்மித்திலேயே டன்லப் ஆலை இருக்கிறது, காண்டினென்டல் கெபெஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) செய்கிறார்கள். நம் ஊரில் ஆலை இருப்பவர்கள் என்றால் ஒரு வசதி, வழியில் ஒன்று போனால் ப்ளூம்ஃபோன்டைனிலும் அதே டயர் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெயர் தெரியாத மலிவு டயரில் எனக்கு நல்லதும் பார்த்து அனுபவம் உண்டு, கெட்டதும் உண்டு.

செகண்ட் ஹாண்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். மொட்டையான டயரில் சூடு கத்தியால் கோடு கிழித்து, பட்டன் இருப்பது போலக் காட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். கோட்டின் அடியில் கம்பி ஒரு மயிரிழையில் இருக்கும்.

கடையில் நின்று தேதியைப் பாருங்கள், கேரவன் அளவுகள் மெதுவாகத்தான் விற்கும், ரேக்கில் இரண்டு வருடம் கிடந்திருக்கலாம். ஒரே அச்சில் இரண்டும் ஒரே மாதிரி, ஒரே வயது. வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், பத்து ராண்ட் ரப்பர் வால்வை மிச்சம் பிடித்து டயரைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண ரப்பர் வால்வு 4.5 பார் வரைக்கும்தான், முழுக்க அடிப்பதாக இருந்தால் உலோக வால்வு. பேலன்ஸ் போடுங்கள், கேரவனில் ஆள் உட்காரவில்லை என்பதற்காக வீல் ஆடினால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. 690-க்கு நான் 3.5 பார் வைப்பேன், டயர் கம்பெனி அட்டவணையில் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

அப்புறம், மாட்டிய பின் 50 கி.மீ. ஓடியதும் நட்டைத் திரும்ப முறுக்குங்கள். உங்கள் வழியில் மரிட்ஸ்பர்க் வருவதற்குள் அந்தத் தூரம் ஆகிவிடும், அங்கே நிறுத்திச் செய்யுங்கள்.

மரிட்ஸ்பர்க் அக்கா:
அங்கே நிறுத்தினால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ தம்பி, டீ இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
தண்ணீர்த் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோங்கள், போய் நிரப்பினால் போதும். 50 லிட்டர் என்றால் 50 கிலோ, அதுவும் இடது பக்கம். டயர் அழுத்தம் காட்டும் சென்சார் ஒரு செட் வாங்கினால் அக்காவுக்கு நடந்தது போல லாரிக்காரர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பீனிக்ஸ் தாத்தா:
என் டயரின் தேதியைப் பேரனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டு வருடம் என்று நான் நினைத்தது தப்பு. பதினைந்து. ராஜு, உன் மகன் கடை எந்தப் பக்கம்?

சாட்ஸ்வொர்த் தம்பி:
கடைசித் தகவல். பூட்டை அறுத்து ஸ்பேரை எடுத்தேன். 185 ஆர் 14 சி, எட்டு பிளை, அதாவது எட்டு அடுக்கு வலு. கம்பெனியில் கொடுத்த அளவு இதுதான், நடுவில் யாரோ கார் டயருக்கு மாற்றியிருக்கிறார்கள். வீல் ஆர்ச்சில் இடிக்குமோ என்ற பயமும் போயிற்று. தேதியைப் பார்த்தால் மூன்றே எண்கள், 347, பக்கத்தில் சின்ன முக்கோணம்.

டயர்க்கடை ராஜு:
மூன்று எண் என்றால் 2000-க்கு முந்தியது. முக்கோணம் தொண்ணூறுகளின் அடையாளம். 1997, 34-ஆவது வாரம். வண்டியோடு பிறந்த டயர் தம்பி, ஒருமுறைகூட ரோட்டைத் தொட்டிருக்காது.

சாட்ஸ்வொர்த் தம்பி:
மச்சான் பார்த்துவிட்டு, பட்டன் முழுசாக இருக்கிறதே, இதை ஏன் வீணாக்க வேண்டும் என்றார். மூன்று டயராக ஆர்டர் கொடுத்துவிட்டேன். 347-ஐ அம்மா பின்கட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார், கறிவேப்பிலைக் கன்று வைக்க.